பெயிண்டுக்கு அடியில் இருந்த 1.4 வோல்ட்



போன மாதம் புல்லட் வண்டியோடு நான் நிற்கும் படத்தைப் போட்டதற்கு நூற்றுக்கும் மேல் லைக் வந்தது. “சார், இன்னும் ஓட்டுறீங்களா?” என்று பாதிப் பேர் கேட்டிருந்தீர்கள். ஓட்டுகிறேன். ஆனால் அந்தப் படம் எடுத்தபோது வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. தள்ளிக்கொண்டு போய் வேப்பமரத்தடியில் நிறுத்தி எடுத்த படம் அது. உண்மையைச் சொல்லாமல் லைக் வாங்கியது மனசை உறுத்திக்கொண்டே இருந்தது. இப்போது வண்டி சரியாகிவிட்டது, அதனால் முழுக்கதையையும் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். சாப்பிட்டுவிட்டு வந்து நிதானமாகப் படியுங்கள்.

வண்டி என் அண்ணன் 1996ல் புதிதாக எடுத்த 350 சிசி புல்லட். வலது பக்கம் கியர், இடது பக்கம் பிரேக், பாயிண்ட் செட் இக்னிஷன், கிக்கர் மட்டும்தான். திருவொற்றியூரில் செய்தது. இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் இருந்த என்ஃபீல்டு கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் 1955ல் கைகோத்து இங்கே ஆரம்பித்த தொழில் அது. பிறகு அங்கே மூடிவிட்டார்கள், நம் சென்னையில் மூடவில்லை. அண்ணன் இதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவார். “வெள்ளைக்காரன் விட்டான், நாம விடலடா” என்பார்.

அண்ணன் தவறிய பிறகு வண்டி ஆறு மாதம் எட்டயபுரத்தில் அவர் வீட்டுத் திண்ணையோரம் தார்ப்பாய்க்குள் கிடந்தது. அண்ணன் மகன்தான், “சித்தப்பா, நீங்க வச்சுக்கிட்டா வச்சுக்கோங்க, இல்லன்னா யாருக்காவது குடுத்துருவோம். சும்மா நின்னா துருப்பிடிச்சுப் போகும்” என்றான். கோவில்பட்டிக்குக் கொண்டுவந்தேன். அண்ணன் நினைவுக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று மொத்தமாகப் பிரித்து, ஃபிரேமுக்குக் கறுப்பு பவுடர் கோட்டிங் அடித்து, டேங்குக்குத் தங்கக் கோடு இழுத்து, மாப்பிள்ளை மாதிரி ஆக்கினேன். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்த வண்டியில்தான் அண்ணி வீட்டுக்குப் போய்வருவேன். தெரு முனையில் சத்தம் கேட்டதுமே அண்ணி வாசலுக்கு வந்துவிடுவார்கள். காபி போட்டீர்களா என்று நான் கேட்க வேண்டியதே இல்லை.

பெயிண்ட் அடித்து மூன்று வாரம் இருக்கும். எட்டயபுரத்திலிருந்து இருட்டில் திரும்பி வந்துகொண்டிருந்தேன். பின்னால் வீட்டுக்காரம்மா. ஹெட்லைட் மெல்ல மஞ்சளாகி, மண்ணெண்ணெய் விளக்கு மாதிரி ஆனது. ஹார்ன் அடித்தால் இருமியது. கொஞ்ச தூரத்தில் இன்ஜின் இரண்டு தடவை திக்கி நின்றுபோனது. இரண்டு பக்கமும் கரிசல்காடு, ஒரு வீடு கிடையாது. பின்னால் ஒரு லாரி வந்து, கடைசி நேரத்தில் எங்களைப் பார்த்து ஒடித்துக்கொண்டு போனது. பின் விளக்கே எரியவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வீட்டுக்காரம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

மறுநாள் மெக்கானிக்கிடம் போனேன். நல்ல பையன், கை சுத்தம். பேட்டரியைப் பார்த்தான், “பழசு சார், மாத்திருவோம்” என்றான். 1,900 ரூபாய். பத்து நாள் நன்றாக ஓடியது, திரும்பவும் அதே கதை. “ரெகுலேட்டர் போயிருக்கும் சார்” என்றான். ரெக்டிஃபையரும் ரெகுலேட்டரும் சேர்ந்த ஒரே பெட்டி, ஆர்.ஆர். யூனிட் என்பார்கள். 1,100 ரூபாய். ஒரு வாரம் ஓடியது. பிறகு, “அப்போ ஸ்டேட்டர் காயில்தான் சார், வேற வழியில்ல.” 2,300 ரூபாய். மூன்று தடவை கூலி சேர்த்து 800. மொத்தம் 6,100 ரூபாய். எல்லாம் புதுசு. அடுத்த ஞாயிறும் விளக்கு மஞ்சளானது.

அண்ணன் மகன் போன் செய்தான். “சித்தப்பா, ஒரு ஆளு நல்ல விலைக்குக் கேக்காரு. சித்தியையும் வச்சுக்கிட்டு ராத்திரில ரோட்டுல நிக்காதீங்க. குடுத்துருவோம்.” குடும்ப குரூப்பிலும் எல்லோரும் அதற்குக் கட்டைவிரல் போட்டீர்கள். உங்கள் மேல் வருத்தம் இல்லை. அக்கறையில் சொன்னதுதான்.

இதில் எனக்கு வெட்கம் என்னவென்றால், 34 வருடம் இயற்பியல் நடத்தியவன் நான். காந்தத்துக்கும் கம்பிச்சுருளுக்கும் இடையே அசைவு இருந்தால் மின்சாரம் பிறக்கும் என்று ஃபாரடே கண்டது 1831ல். அதைக் கரும்பலகையில் எத்தனை தடவை வரைந்திருப்பேன்! புல்லட்டில் நடப்பதும் அதுதான். இன்ஜின் தண்டோடு காந்தம் சுற்றுகிறது, அதுதான் ரோட்டர். அதைச் சுற்றிச் சுருள்கள் அசையாமல் நிற்கின்றன, அதுதான் ஸ்டேட்டர். பிறப்பது ஏசி. ரெக்டிஃபையர் அதை டிசி ஆக்குகிறது. ரெகுலேட்டர் அளவுக்கு மேல் போகாமல் பிடிக்கிறது. பேட்டரி வாங்கிச் சேமிக்கிறது. ஐந்தே பாத்திரம் உள்ள நாடகம். அதில் எது சொதப்புகிறது என்று கண்டுபிடிக்க எனக்குத் தெரியவில்லை. என்னிடம் மீட்டரும் இருந்தது.

மீட்டரை வைத்துப் பார்க்காமலும் இல்லை. ஆர்.ஆர். யூனிட்டின் உடம்பிலிருந்து பேட்டரி நெகட்டிவ் வரைக்கும் தொடர்பு இருக்கிறதா என்று கன்டினியூட்டியில் வைத்தேன். “பீப்” என்று கத்தியது. எர்த் நன்றாக இருக்கிறது என்று எழுதி வைத்துக்கொண்டேன். அங்கேதான் கோட்டை விட்டேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கடைசியாக, பழைய பஸ்களுக்கும் டிராக்டர்களுக்கும் வயரிங் பார்க்கும் ஒரு அண்ணாச்சியிடம் போனேன். பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சின்னக் கடை. வண்டியைத் தொடுவதற்கு முன்னால் மூன்று கேள்வி கேட்டார்.

“எப்போ இருந்து சார் இப்படி?”

“மூணு மாசமா.”

“அதுக்கு முந்தி கடைசியா வண்டில என்ன வேல பாத்தீக?”

“பெயிண்ட் அடிச்சோம். பவுடர் கோட்டிங்.”

“பகல்ல ஓட்டுனா எப்படி?”

யோசித்தேன். பகலில் ஓட்டினால் பெரிதாகத் தொந்தரவு இல்லை. இரவில் லைட்டைப் போட்டு ஓட்டினால்தான் பேட்டரி காலி ஆகிறது. மூன்று மாதத்தில் இதை யாரும் என்னிடம் கேட்கவும் இல்லை, நானும் கவனிக்கவும் இல்லை.

வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். ஹெட்லைட்டைப் போடச் சொன்னார். ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் கூட்டிப் பிடிக்கச் சொன்னார். மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து முதலில் பேட்டரியின் இரண்டு முனையிலும் பார்த்தார். 12.6. ஓடுகிற வண்டிக்கு இது போதாது. அடுத்தது ஆர்.ஆர். யூனிட்டிலிருந்து வெளியே வரும் வயருக்கும் அதே யூனிட்டின் அலுமினிய உடம்புக்கும் இடையில் வைத்தார். 14.0.

“பாத்தீகளா சார். இவரு 14 குடுக்காரு. அவருக்கு 12.6தான் போய்ச் சேருது. மிச்சம் 1.4 எவன் தின்னான்?”

பிளஸ் பக்க வயரின் இரு நுனியிலும் வைத்துப் பார்த்தார், கிட்டத்தட்டப் பூஜ்யம். பிறகு ஒரு முள்ளை பேட்டரி நெகட்டிவ் முனையிலும், இன்னொன்றை ஆர்.ஆர். யூனிட்டின் உடம்பிலும் வைத்தார். மீட்டர் மைனஸ் குறியோடு 1.4 காட்டியது. திருடன் அகப்பட்டான்.

எங்கள் வண்டியில் ஆர்.ஆர். யூனிட்டுக்குத் தனியாக எர்த் வயர் கிடையாது. அதன் உடம்பே எர்த். போல்ட் வழியாக ஃபிரேமைத் தொட்டுத்தான் மின்சாரம் திரும்பி வர வேண்டும். அந்த இடத்தில் நான் ஆசை ஆசையாகக் கெட்டியாகப் பவுடர் கோட்டிங் அடித்து வைத்திருந்தேன். போல்ட்டின் மரை மட்டும் எங்கேயோ பட்டும் படாமலும் தொட்டுக்கொண்டிருந்தது. புது ஆர்.ஆர். யூனிட்டும் அதே போல்ட்டில்தான் ஏறியது, அதே பெயிண்ட் மேல்தான் உட்கார்ந்தது.

அரை ஓம் அளவுக்குத் தடை இருந்திருக்கும். அரை ஓம் என்ன பெரிது என்று நினைக்காதீர்கள். ஓம் விதியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஹெட்லைட் பல்பு 35 வாட் என்றால் அதற்கே 3 ஆம்பியர் பக்கம் வேண்டும். மூன்றை அரையால் பெருக்கினால் ஒன்றரை வோல்ட். லைட்டைப் போட்டதும் அந்த ஒன்றரை வோல்ட் பெயிண்டிலேயே போய்விடுகிறது. பேட்டரிக்கு வருவது அதன் சொந்த வோல்ட்டேஜை ஒட்டி நிற்கிறது, அதனால் ஏறுவதற்கு ஒன்றும் இல்லை. லைட்டை அணைத்தால் ஓட்டம் குறைகிறது, இழப்பும் குறைகிறது, பேட்டரி ஏதோ கொஞ்சம் குடித்துக்கொள்கிறது. பகலில் பிழைத்து இரவில் சாவதன் ரகசியம் இதுதான்.

அப்படியானால் என் மீட்டர் ஏன் “பீப்” என்றது? கன்டினியூட்டி சோதனையில் மீட்டர் அனுப்பும் மின்னோட்டம் மிகமிகக் குறைவு. அரை ஓம் என்ன, பத்து ஓம் இருந்தாலும் பெரும்பாலான மீட்டர்கள் பீப் என்றுதான் கத்தும். சும்மா இருக்கும்போது நல்லவனாக இருப்பவன், சுமை ஏறும்போது எப்படி இருக்கிறான் என்று அது சொல்லாது. சுமையை ஏற்றிவிட்டு வோல்ட்டேஜைப் பார்க்க வேண்டும். இதைப் பாடத்தில் நான் நடத்தியிருக்கிறேன். வாழ்க்கையில் செய்ததில்லை.

அண்ணாச்சி போல்ட்டைக் கழற்றினார். உப்புத்தாளால் அந்த இடத்தை மட்டும் வெள்ளை இரும்பு தெரியத் தேய்த்தார். பல் வைத்த ஸ்டார் வாஷர் போட்டு இறுக்கி, மேலே வாசலின் தடவினார். அது போதாதென்று யூனிட் உடம்பிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்கு நேராக ஒரு தடித்த வயரும் இழுத்தார். திரும்ப ஸ்டார்ட் செய்தோம். இழப்பு 0.05 வோல்ட். பேட்டரியில் 13.9. முக்கால் மணி நேரம்.

“எவ்வளவு அண்ணாச்சி?”

“400 குடுங்க.”

இந்த இடத்தில் என்ன நடந்தது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன், இதற்காகத்தான் இந்தப் பதிவே. என் கை சட்டைப்பையில் இரண்டு நூறு ரூபாய்த் தாளோடு நின்றுவிட்டது. மனசுக்குள், “ஒரு வாஷர், ஒரு முழம் வயர், கொஞ்சம் உப்புத்தாள். இதுக்கு நானூறா?” என்று ஓடியது. கூட வந்திருந்த மச்சான் வாய்விட்டே சொல்லிவிட்டார்: “ஒரு போல்ட்டச் சுரண்டுனதுக்கு நானூறா?” அண்ணாச்சி ஒன்றும் பேசவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு நின்றார். பிறகு 400ஐயும் கொடுத்தேன். ஆனால் அந்த இரண்டு நொடி தயங்கினேன் பாருங்கள், அது எனக்கு அன்று இரவு தூக்கம் வராமல் செய்தது. பிரயோஜனமில்லாத 6,100 ரூபாயை மூன்று தவணையில் ஒரு வார்த்தை பேசாமல் கொடுத்தவன், பிரயோஜனமான 400க்குத் தயங்கினேன். ஏன்? 6,100க்கு என் கையில் டப்பா டப்பாவாகப் பொருள் வந்தது. 400க்கு ஒன்றும் வரவில்லை.

ஒரு வாரம் கழித்துப் பழைய மெக்கானிக் பையனிடம் போனேன். சண்டை போட அல்ல, விஷயத்தைச் சொல்லத்தான். முழுக்கக் கேட்டுக்கொண்டான். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

“சார், தப்பா நெனைக்காதீங்க. நான் அன்னிக்கே ஒரு மணி நேரம் மீட்டர வச்சுத் தேடி, ‘பேட்டரி நல்லாருக்கு சார், பெயிண்டுதான் பிரச்சினை, முந்நூறு குடுங்க’ன்னு சொல்லியிருந்தா குடுத்துருப்பீங்களா?”

என்னிடம் பதில் இல்லை. அவன் கடையில் தேடியதற்குக் கூலி கிடையாது, மாற்றியதற்குத்தான் கூலி. தேடுகிற ஒரு மணி நேரத்தில் அவன் இரண்டு வண்டிக்கு ஆயில் மாற்றிவிடலாம். அப்படியிருக்க அவன் எதற்குத் தேட வேண்டும்? உத்தேசமாக ஒன்றை மாற்றிப் பார்ப்பதுதான் அவனுக்குக் கட்டுபடியாகும். அந்தப் பழக்கத்தை அவனுக்குக் கற்றுக்கொடுத்தது நான். நான் என்றால் நாம் எல்லோரும்.

என் கருத்து இதுதான். கோளாறைக் கண்டுபிடிப்பது தனி வேலை, அதற்குத் தனிக் கூலி உண்டு. அதை நாம் மனமுவந்து கொடுக்கப் பழகாதவரை, நல்ல உதிரிகள் குப்பைக்குப் போகும், நல்ல வண்டிகள் இரும்புக் கடைக்குப் போகும், நல்ல கைக்காரர்கள் உத்தேசக்காரர்கள் ஆவார்கள்.

டாக்டர் வீட்டிலும் இதே கதைதான். பத்து நிமிடம் பொறுமையாகப் பார்த்து, “ஒன்றுமில்லை, கஞ்சி குடித்துவிட்டு ஓய்வெடுங்கள்” என்று அனுப்பும் டாக்டரைப் பற்றி, “ஊசிகூடப் போடல, ஃபீஸ் மட்டும் வாங்கிட்டாரு” என்று எத்தனை பேர் சொல்லியிருக்கிறோம்? ஊசி போடுகிறவரிடம்தான் கூட்டம்.

“சார், தேடுவதற்கே காசு என்றால், தேடாமலே தேடியதாகச் சொல்லி வாங்குவார்களே?” என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வாங்குகிறவர்கள் இருப்பார்கள். அதற்கு வழியும் இருக்கிறது. வேலைக்கு முன்பே தேடும் கூலியைப் பேசிக்கொள்ளுங்கள். என்ன அளந்தார், எவ்வளவு வந்தது என்று காட்டச் சொல்லுங்கள். அண்ணாச்சி எனக்கு 14.0, 12.6, 1.4 என்று மூன்று எண்ணைக் காட்டினார். கூட்டிக் கழித்தால் சரியாக வருகிறது, அங்கே ஏமாற்ற இடமில்லை. எண் காட்டாமல் “போயிருச்சு சார்” என்கிறவரிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் உங்களில் பலர். ஆளுக்கு ஆள் போனில் கேட்பதால், சார்ஜிங் கோளாறுக்கு எந்த வரிசையில் பார்ப்பது என்று இங்கேயே எழுதிவிடுகிறேன். 12 வோல்ட் வண்டிக்கான கணக்கு இது. ஒரு மல்டிமீட்டர் 500 ரூபாய்க்குள் கிடைக்கும், வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. எப்போது ஆரம்பித்தது, அதற்கு முன் என்ன வேலை நடந்தது, எப்போது மோசமாகிறது? இதைத் தாளில் எழுதுங்கள். செலவில்லாத சோதனை இது.

2. வண்டி சில மணி நேரம் சும்மா நின்ற பிறகு பேட்டரியை அளக்கவும். 12.6 பக்கம் இருந்தால் நிறைவு, 12.2 என்றால் பாதி, 12க்குக் கீழே என்றால் காலி. காலியான பேட்டரியை வெளியே வைத்து முழுக்க சார்ஜ் ஏற்றிவிட்டுத்தான் மற்றச் சோதனைகள். தண்ணீர் ஊற்றும் பேட்டரி என்றால் ஹைட்ரோமீட்டரால் ஒவ்வொரு அறையையும் பாருங்கள். ஐந்து அறை 1.25க்கு மேல் இருந்து ஒன்று மட்டும் படுத்துக் கிடந்தால் அந்தப் பேட்டரிக்கு வைத்தியம் இல்லை. குறைந்தால் ஊற்ற வேண்டியது டிஸ்டில்டு வாட்டர் மட்டும். குழாய்த் தண்ணீரும் வேண்டாம், ஆசிட்டும் வேண்டாம். சார்ஜ் ஏறும்போது வெளிவரும் வாயு தீப்பிடிக்கும், பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது.

3. இன்ஜினை நடுத்தர வேகத்தில் வைத்து பேட்டரியை அளக்கவும். 13.8லிருந்து 14.4 வரை நல்லது. அசையாமல் 12லேயே நின்றால் சார்ஜ் ஏறவில்லை. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் பிடிக்கவில்லை, பேட்டரி கொதித்துத் தண்ணீர் வற்றும், பல்பு அடிக்கடி போகும். ஹெட்லைட் அணைத்து ஒரு தடவை, போட்டு ஒரு தடவை பாருங்கள். புல்லட்டில் ஆம்மீட்டர் முள் வலது பக்கம் சாய்ந்தால் சார்ஜ் ஆகிறது என்று நம்பிவிடாதீர்கள். முள் திசையைச் சொல்லும், போதுமா என்று சொல்லாது.

4. சுமை ஏற்றி இழப்பைப் பாருங்கள். ஹெட்லைட் எரிய, இன்ஜின் ஓட, பேட்டரி நெகட்டிவுக்கும் ஆர்.ஆர். யூனிட் உடம்புக்கும் இடையில், பிறகு பேட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜின் உலோகத்துக்கும் இடையில், பிறகு பிளஸ் வயரின் இரு நுனிக்கும் இடையில். எங்கேயும் 0.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. சில மாடல்களில் ஹெட்லைட் நேராக ஆல்டர்னேட்டரிலிருந்து ஏசியில் எரியும். அதில் இந்தச் சோதனைக்கு பிரேக் லைட்டையும் இண்டிகேட்டரையும் சுமையாகப் பயன்படுத்துங்கள்.

5. அதெல்லாம் சரி என்றால்தான் ஸ்டேட்டர் பக்கம் போக வேண்டும். வயரைக் கழற்றிவிட்டு இன்ஜினை ஓட்டி ஏசி வோல்ட் பாருங்கள். வேகம் கூடக்கூட வோல்ட்டும் சீராகக் கூட வேண்டும். இன்ஜினை நிறுத்திவிட்டு, ஸ்டேட்டர் வயருக்கும் இன்ஜின் உடம்புக்கும் தொடர்பே இருக்கக் கூடாது. தொடர்பு இருந்தால் காயில் உள்ளே உரசி எர்த் ஆகியிருக்கிறது. ஆனால் ஒன்று, உடம்போடு சேர்த்தே இணைத்த பழைய காயில்களும் உண்டு. வயரிங் படத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

6. வண்டியை நிறுத்திய பிறகு பேட்டரி தானாக இறங்கினால், சாவியை எடுத்துவிட்டு நெகட்டிவ் வயரைக் கழற்றி, இடையில் மீட்டரை ஆம்பியரில் வைத்துப் பாருங்கள். பழைய வண்டியில் அது பூஜ்யமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் எங்கேயோ கசிவு. மீட்டர் அப்படி இருக்கும்போது கிக்கர் அடிக்காதீர்கள், ஹார்னைத் தொடாதீர்கள், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

7. இன்ஜின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றிப் “பார்க்கிற” பழக்கம் சிலரிடம் உண்டு. வேண்டாம். பேட்டரி இல்லாமல் வோல்ட்டேஜ் எகிறி ரெகுலேட்டரையும் பல்பையும் தின்றுவிடும்.

மாற்றுவது என்பது இந்த வரிசைக்கெல்லாம் பிறகுதான். என் மெக்கானிக் அதில் ஆரம்பித்தான், நானும் தலையாட்டினேன்.

கடைசியாக என் சொந்தக் கணக்கு ஒன்றைத் தீர்க்க வேண்டும். பிராக்டிகல் வகுப்பு நினைவிருக்கிறதா? ஓம் விதிச் சோதனை. முடிவு எவ்வளவு வர வேண்டும் என்று சீனியர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு ரீடிங் எழுதுவீர்கள். அட்டவணை அழகாக இருக்கும், கிராஃப் நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கும். எனக்குத் தெரியாது என்றா நினைத்தீர்கள்? தெரியும். நேரம் இல்லை, மதிப்பெண் வர வேண்டும், பள்ளிக்கு ரிசல்ட் வேண்டும். அதனால் டிக் போட்டேன். ஒரே ஒரு தடவை ஒரு மாணவி நிஜமாக அளந்து, கோணல்மாணலான ஒரு கிராஃப் போட்டு, “சார், மூணாவது ரீடிங்ல ஒயர் லூசா இருந்துச்சு, அதான் வளையுது” என்று எழுதியிருந்தாள். அவளுக்கு இரண்டு மதிப்பெண் குறைத்தேன், விடை சரியில்லை என்று. அன்று அந்த வகுப்பில் கோளாறு கண்டுபிடித்தவள் அவள் ஒருத்திதான். நானும் பொருளுக்குத்தான் கூலி கொடுத்திருக்கிறேன், தேடியதற்குக் கொடுக்கவில்லை. அம்மா, இதை நீ படித்தால் ஒரு வரி எழுது. அந்த இரண்டு மதிப்பெண்ணை இப்போது கொடுத்துப் பிரயோஜனமில்லை. ஆனாலும் அது உனக்கு உரியது.

உங்களில் பலர் இப்போது ஆசிரியர்கள், என்ஜினியர்கள், கடை முதலாளிகள், நாலு பேருக்கு மேல் அதிகாரிகள். உங்களிடம் வேலை செய்கிறவர் “இன்னும் மாற்றவில்லை சார், எங்கே என்று தேடிக்கொண்டிருக்கிறேன்” என்று சொன்னால், அந்த நேரத்தைத் தண்டம் என்று எழுதாதீர்கள். வீட்டில் பிள்ளை மார்க் குறைந்தால் உடனே டியூஷனை மாற்றாதீர்கள், பள்ளியை மாற்றாதீர்கள். எப்போதிலிருந்து, அதற்கு முன் என்ன நடந்தது, எப்போது மோசமாகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பதில் உங்களுக்குப் பிடிக்காததாகவும் இருக்கலாம். என் விஷயத்தில் நான் ஆசையாக அடித்த பெயிண்ட்தான் கோளாறு.

மெக்கானிக் பையனிடம் அன்று ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டேன். இனி என் வண்டி கோளாறு என்று வந்தால் முதலில் தேடும் கூலி 300, எதையும் மாற்றினாலும் மாற்றாவிட்டாலும். சிரித்தான். ஆனால் மறுநாளே அண்ணாச்சி கடைக்குப் போய் இந்த வோல்ட்டேஜ் இழப்புச் சோதனையைக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறான். கழற்றிய பழைய ஸ்டேட்டரும் ஆர்.ஆர். யூனிட்டும் நல்ல நிலையில் என் அலமாரியில் இருக்கின்றன. 350 சிசி பழைய புல்லட் வைத்திருப்பவர் யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள், சும்மா தருகிறேன். ஆனால் முதலில் அளந்து பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

அண்ணன் மகனுக்கும் சொல்லிவிட்டேன், வண்டி விற்பனைக்கு இல்லை. நேற்று ஞாயிறு, இருட்டியபின்தான் எட்டயபுரத்திலிருந்து கிளம்பினோம். விளக்கு வெள்ளையாக எரிந்தது, பின் விளக்கும் எரிகிறதா என்று வீட்டுக்காரம்மா இறங்கி நின்று பார்த்துவிட்டுத்தான் ஏறினார்கள். “போலாம்” என்றார்கள்.

நீங்கள் தேடிக் கண்டுபிடித்து, யாரும் அதற்குக் காசோ பாராட்டோ தராத ஒரு கோளாறு உங்களுக்கும் இருக்கும். கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் படிப்பேன்.

அன்புடன்,
உங்கள் பிசிக்ஸ் வாத்தியார்